பலகைக்கு மேடுபள்ளம் வந்த கதை

தாயம் ஆடுகிறவர்களுக்கு மலை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பெருக்கல் குறி போட்ட கட்டம் அது. காய் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டால் எதிராளியால் வெட்ட முடியாது. எத்தனை தாயம் விழுந்தாலும் தாண்டித்தான் போக வேண்டும். ஆட்டத்துக்குள் ஒளிய இடம் கொடுப்பதில் இதைவிட எளிய வடிவம் இல்லை. இடம் காப்பாற்றும், முழுசாகக் காப்பாற்றும்.

ஆடு புலி ஆட்டத்தில் காப்பது இடம் அல்ல, துணை. 3 புலி, 15 ஆடு. புலி ஓர் ஆட்டைத் தாண்டி அடுத்த புள்ளியில் இறங்கினால்தான் ஆடு வெட்டுப்படும். அந்தப் புள்ளியில் இன்னோர் ஆடு நின்றுவிட்டால் புலிக்கு இறங்க இடமில்லை. முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பதுதான் அங்கே கவசம். சதுரங்கத்தில் இதுவே முன்பக்கம் வருகிறது. யானைக்கும் ராஜாவுக்கும் நடுவே ஒரு சிப்பாய் நின்றால் யானையின் பாய்ச்சல் அங்கேயே நின்றுவிடும். குதிரை மட்டும் தாண்டும்.

மூன்றிலும் இல்லாத ஒன்று உண்டு: பாதி மறைவு. சுவருக்குப் பின்னால் இடுப்புவரை ஒளிந்து நிற்கிறவனை அம்பு தொடுமா தொடாதா? தொடலாம், தொடாமலும் போகலாம். இந்த "தொடலாம்" பலகைக்குள் வருவதற்கு வெகுகாலம் பிடித்தது. இன்று டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற மேசை ஆட்டங்களில் அது மூன்று வரி விதியாக இருக்கிறது. அந்த ஆட்டத்தில் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதைமாந்தராக ஆடுவார்கள். டிஎம் என்று அழைக்கப்படும் ஒருவர் உலகத்தையும் எதிரிகளையும் நடத்துவார். சண்டை வந்தால் 20 முகப் பகடை உருளும். எதிரியின் பாதுகாப்பு எண்ணை எட்டினால் அடி விழும். பாதி மறைவில் இருப்பவருக்கு அந்த எண்ணில் 2 கூடும். முக்கால் மறைவுக்கு 5 கூடும். முழு மறைவில் இருப்பவரை நேரடியாகக் குறிவைக்கவே முடியாது. இந்த 2-ம் 5-ம் வந்த வழி நீலகிரியையும் தொட்டுக்கொண்டு போகிறது.

முதலில் பலகையில் நிலம் வர வேண்டியிருந்தது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாற்படையும் சதுரங்கத்தில் உண்டு. ஆனால் அவை நிற்கும் தரை ஒரே சமதளம். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஆறு இல்லை, காடு இல்லை, மேடு இல்லை. 7-ஆம் நூற்றாண்டில் பாணர் எழுதிய ஹர்ஷசரிதம் பேசுகிற காலத்திலிருந்து, பாரசீகம் போய், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா சேர்ந்த பிறகும் பல நூற்றாண்டுகள் அந்தத் தரை அப்படியே கிடந்தது. 1780-ல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் சதுரங்கத்தை விரித்து 1,617 கட்டங்கள் கொண்ட போர்ப்பலகை ஆக்கினார். கட்டத்துக்கு நிறம் கொடுத்தார். ஒரு நிறம் மலை, ஒன்று நீர், ஒன்று சதுப்பு, ஒன்று காடு. எந்த நிறத்தில் நிற்கிறது, எந்த நிறத்துக்குள் நுழையப் பார்க்கிறது என்பதைப் பொறுத்துக் காயின் நடை மாறியது. இந்தச் சதுரங்க மரபில் நிலம் பேச ஆரம்பித்தது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் கட்டம் கட்டம்தான். மலை கட்டத்தின் கோட்டில் தொடங்கிக் கோட்டில் முடியாது. ஊட்டிப் பக்கம் ஒரு நாள் நடந்தவருக்கே அது தெரியும். இந்தச் சிக்கலை உடைத்தவர்கள் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும். தந்தை 1812-ல் அரசர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியத்துக்கு ஒரு மேசையைக் கொடுத்தார். மேடு, பள்ளம், ஆற்றுத் துண்டு, ஊர்த் துண்டு என்று வார்த்தெடுத்த சதுரங்களை மாற்றி மாற்றி அடுக்கி எந்த நிலத்தையும் அதில் உருவாக்கலாம். பார்க்க அழகான பொருள். ஆனால் படைக்கு வேண்டியது அழகு அல்ல. பீரங்கிப் படை அதிகாரியான மகன் 1824-ல் அந்த மேசையையே ஒதுக்கிவிட்டு, 1:8000 அளவில் வரைந்த உண்மையான நில வரைபடத்தை விரித்தார். கட்டங்கள் போயின. அளவுகோல் வந்தது. ஒரு சுற்று என்பது போர்க்களத்தில் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் காலாள் எத்தனை எட்டு நடப்பான், குதிரை எவ்வளவு தூரம் ஓடும் என்று கணக்கு. சிவப்பும் நீலமுமான சிறு உலோகக் கட்டைகள் படைகளாயின.

மகன் செய்ததில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது வேறு இரண்டு. ஒன்று, பகடை. சுடும் படைக்கு நிலைமை சாதகமா பாதகமா என்று பார்த்து, அதற்கேற்ற சேதத்தைப் பகடையின் முகமே சொல்லும். மறைவில் நிற்கும் படையின் மேல் சுட்டால் சேதம் குறையும், ஆனால் அறவே இல்லாமல் போகாது. தாயத்து மலையின் முழுக் காப்பு அளவுபட்ட காப்பாக மாறியது இந்த இடத்தில். இன்னொன்று, நடுவர். இரண்டு பக்கமும் தங்கள் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுக்கும். எதிரியின் கண்ணுக்குத் தெரியும் கட்டையை மட்டும் அவர் வரைபடத்தில் வைப்பார். மேட்டுக்குப் பின்னால் இருக்கிற படை அவர் மனசுக்குள் மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும்.

பலகைக்கு உண்மையான நிலம் வந்ததும் நடுவே ஒரு மனிதர் தேவைப்பட்டார். சமதளத்துக்கு விதி போதும். மேடுபள்ளத்துக்கு, "இங்கேயிருந்து அங்கே தெரியுமா?" என்று ஒருவர் குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும். இன்றைய டிஎம் அந்தக் குனிந்து பார்த்தவரின் நேர் வாரிசு.

பிரஷ்யப் படைத் தலைமைப் பணியகத்தின் தலைவர் முஃப்ளிங் முதலில் அசட்டையாகத்தான் பார்க்க உட்கார்ந்தார். ஆட்டம் விரிய விரிய, இது விளையாட்டல்ல, போருக்கான பயிற்சி என்று சொல்லிப் படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். மகனுக்கு அந்தப் புகழ் நிலைக்கவில்லை. தலைநகரிலிருந்து டோர்காவ் கோட்டைக்கு மாற்றப்பட்ட அவர் 1827-ல் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் எழுதிய விதி அவருக்குப் பின் வளர்ந்தது, தடித்தது, அட்டவணைகளால் மூச்சுத் திணறியது. 1876-ல் ஃபெர்டி டு வெர்னுவா என்ற தளபதி அட்டவணைகளைத் தூக்கி வைத்துவிட்டு, அனுபவப்பட்ட நடுவர் சொல்வதே முடிவு என்றார். விதியா, ஆளா என்ற அந்த இழுபறி இன்றைக்கும் ஒவ்வொரு மேசையிலும் நடக்கிறது.

1870–71-ல் பிரான்ஸை பிரஷ்யா தோற்கடித்ததும் மற்ற நாட்டுப் படைகள் இந்த ஆட்டத்தைத் தேடி ஓடின. பிரிட்டனுக்காக 1872-ல் ஆங்கிலத்தில் விதிகளைத் தொகுத்தவர் கேப்டன் ஈவ்லின் பேரிங். அதே ஆண்டு அவர் இந்தியாவுக்கு வந்தார், வைஸ்ராய் நார்த்புரூக்கின் தனிச்செயலாளராக. பின்னாளில் எகிப்தை ஆட்டிவைத்த குரோமர் பிரபு இவர்தான்.

நீலகிரிக்கு இந்தக் கதையில் இரண்டு இடம் உண்டு. ஒன்று ஊட்டி கிளப். 1875-ல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் ஒரு புது ஆட்டம் ஆட ஆரம்பித்தார். பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லேன் வேறு ஆள். சென்னை மாகாணப் படைத்தலைவர் ராபர்ட்ஸின் உதவி அதிகாரியாக ஊட்டிக்கு வந்த இந்த சேம்பர்லேன், 1882-ல் ஸ்னூக்கர் விதிகளை முறைப்படுத்தினார். கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் அவை ஒட்டப்பட்டன. ஸ்னூக்கரின் உயிர்நாடி எது? அடிக்க வேண்டிய பந்துக்கும் வெள்ளைப் பந்துக்கும் நடுவே வேறொரு பந்தை நிறுத்தி, நேர்கோடு போக முடியாமல் செய்வது. எதிராளி பக்கவாட்டு மெத்தையில் மோதி வளைந்துதான் வர வேண்டும். மறைவைத் தேடி ஒளிவதோடு, எதிராளிக்கு மறைவைத் தடையாகவும் ஆக்குகிற ஆட்டம் இது.

இரண்டாவது வெலிங்டன். 1905-ல் தேவ்லாலியில் தொடங்கி 1907-ல் குவெட்டாவுக்குப் போன ஸ்டாஃப் காலேஜ், 1947 பிரிவினையில் இந்தியாவின் பங்காகக் குன்னூருக்குப் பக்கத்திலுள்ள வெலிங்டனுக்கு வந்தது. முப்படை அதிகாரிகள் வரைபடத்தின் மேலும் மணல் மாதிரியின் மேலும் படை நகர்த்திப் பழகுகிற மரபு ரைஸ்விட்ஸ் மேசையிலிருந்து நீண்டு வந்ததுதான். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அந்த மரபு முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகக் குடியிருக்கிறது.

ராணுவத்திலிருந்து இந்த ஆட்டம் வீட்டுக்கு இறங்கியது எச்.ஜி. வெல்ஸ் கையால். 1913-ல் அவர் வெளியிட்ட லிட்டில் வார்ஸ் நூலில் பொம்மைச் சிப்பாய்கள் தரையில் சண்டை போட்டார்கள். காலாளுக்கு ஒரு அடி, குதிரைக்காரனுக்கு இரண்டு அடி நகர்வு. கயிற்றை நீட்டி அளந்துகொள்ளலாம். ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கி மரக்குச்சியைச் சுடும். பொம்மை விழுந்தால் செத்தது. மறைவுக்கு எண்ணே தேவைப்படவில்லை. கட்டை வீட்டுக்குப் பின்னால் பொம்மையை வைத்தால் குச்சி வீட்டில்தான் மோதும். தலை கொஞ்சம் வெளியே தெரிந்தால் அந்தத் தலைக்குத்தான் ஆபத்து. நடுவரின் வேலையைப் பொருளே செய்துவிட்டது. மறைவைப் பற்றிய மிக நேர்மையான விதி இதுதான் என்று எனக்குத் தோன்றும். ஆனால் கதைமாந்தரோடு ஆடுகிற ஆட்டத்துக்கு இது உதவாது.

அந்தக் கதைமாந்தர் வந்தது அமெரிக்காவில். 1880-ல் டோட்டன் என்ற ராணுவ அதிகாரி எழுதிய ஸ்டிராட்டகோஸ் என்ற போர்விளையாட்டு நூல், நடுவருக்கு மிகப் பெரிய அதிகாரம் கொடுத்தது. மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி அதைப் படித்துவிட்டு, 1969-ல் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து ஆட்டம் நடத்தினார். படைக்குப் பதிலாக ஆளுக்கொரு மனிதர் கொடுத்தார். அந்த மேசையில் ஆடிய டேவ் ஆர்னசன் அதை மாயாஜால உலகுக்குக் கொண்டுபோனார். விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971-ல் செயின்மெயில் என்ற பொம்மைப் போர் விதிகளை வெளியிட்டிருந்தார்கள். இரண்டு ஓடையும் கலந்து 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிறந்தது. முதல் அச்சு 1,000 பெட்டி.

அந்தக் குழந்தையின் உடம்பில் பழைய தழும்புகள் அப்படியே இருந்தன. நகர்வு அங்குலத்தில் அளக்கப்பட்டது. சுமை இல்லாத மனிதனுக்கு 12 அங்குலம். குகைக்குள் ஒரு அங்குலம் 10 அடி, வெட்டவெளியில் 10 கஜம். மேசை மேல் பொம்மை நகர்த்திய காலத்தின் கணக்கு. மறைவின் எண்கள் 1979-ல் வந்த டிஎம் கையேட்டில் நான்கு படியாக இருந்தன. கால்வாசி மறைவுக்கு 2, பாதிக்கு 4, முக்காலுக்கு 7, தொண்ணூறு சதவீதத்துக்கு 10. மேசையில் அப்படி அளந்து பார்க்க யாருக்குப் பொறுமை? 2003 திருத்தப் பதிப்பில் மறைவு என்றாலே பொதுவாக 4 என்று சுருக்கினார்கள். 2014-ல் 2, 5, முழுசு என்று மூன்றாக நின்றது. 2024-ல் விதிகளைத் திருத்தியபோதும் அந்த எண்கள் மாறவில்லை. நகர்வும் இதற்குள் அங்குலத்தை விட்டு 5 அடிக் கட்டத்துக்கும் ஆளுக்கு 30 அடிக்கும் வந்துவிட்டது. ரைஸ்விட்ஸ் துரத்திய கட்டம் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

2-ம் 5-ம் கையில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க ஒரு நிலம் வேண்டும். புத்தகப் படங்களில் வரும் கல் அறைகளை விட்டுவிட்டு, நீலகிரியில் எமரால்டுப் பக்கம் இருக்கிற இத்தலாரின் சரிவு ஒன்றை விரிப்போம். மேலே தேயிலை, கவாத்து செய்து இடுப்பளவில் நிற்கும் செடிகள், வரிசைக்கு நடுவே ஆள் நுழையும் தடம். இடையிடையே சில்வர் ஓக். கீழே படிப்படியாகக் காய்கறித் தோட்டம், ஒவ்வொரு படிக்கும் கல் அடுக்கிய சுவர். மேல் தடத்தில் எதிரி வில்லாளி. கீழ்ச்சுவருக்கு வெளியே, திறந்த மண்ணில் நீங்கள்.

உங்கள் பாதுகாப்பு எண் 13, வில்லாளி பகடையோடு கூட்டுவது 4 என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் அவருக்கு 9 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். 20 முகத்தில் 12 முகம், 60 சதவீதம். கல் சுவருக்குப் பின்னால் இடுப்பளவு ஒளிந்தால் 11 வேண்டும், 50 சதவீதம். பெருத்த சில்வர் ஓக் அடிமரத்துக்குப் பின்னால் நின்றால் முக்கால் மறைவு, 14 வேண்டும், 35 சதவீதம்தான். 2014 விதிப்புத்தகமே ஒல்லி மரத்தைப் பாதி மறைவிலும் பருத்த மரத்தை முக்காலிலும் வைத்தது. ஆகவே எந்த ஓக் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்பவர் நிலத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நல்ல மறைவு விதியின் வேலையே அதுதான்.

இனி நடை. ஒரு சுற்று 6 விநாடி, உங்களுக்கு 30 அடி. தடத்தில் போனால் 30 அடியும் உங்களுடையது. செடிகளுக்குள் புகுந்து குறுக்கே ஏறினால் கடின நிலம். ஒவ்வொரு அடிக்கும் இரண்டடிச் செலவு. 15 அடிதான் ஏறுவீர்கள். இன்றைய விதியில் நடையைப் பிரித்துச் செலவிடலாம். ஓக்குக்குப் பின்னாலிருந்து 10 அடி வெளியே வந்து, அம்பு விட்டு, 10 அடி திரும்பிப் போய் மறையலாம். எதிரியும் அதையே செய்வார். அவரை அடிக்க வேண்டுமானால், அவர் வெளியே தலைகாட்டும் நேரத்துக்கு அம்பைத் தொடுத்து வைத்துக் காத்திருக்க வேண்டும். தரையில் படுத்துவிட்டால் தூரத்து அம்புக்கு நீங்கள் கடினமான குறி. ஆனால் எழுந்து நிற்கவே பாதி நடை போய்விடும். கத்தியோடு ஒருவர் பக்கத்தில் வந்துவிட்டால் படுத்திருப்பவருக்கு ஆபத்து அதிகம். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் எதிரியை விட்டு அப்படியே ஓடினால் முதுகில் ஓர் அடி இலவசம். ஒளியவும் வேண்டும், நகரவும் வேண்டும், இரண்டும் ஒரே பையிலிருந்து செலவாகிறது. ஆட்டத்தின் சுவை அந்தப் பையில் இருக்கிறது.

சரிவுக்கென்று புத்தகத்தில் அதிகம் எழுதியிருக்காத ஒன்று உண்டு. சமதளத்தில் இடுப்பளவுச் சுவர் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மறைவு. சரிவில் அப்படியில்லை. மேலே இருப்பவர் சுவரின் தலைக்கு மேலாகப் பார்க்கிறார். கீழே இருப்பவருக்கு மேலே உள்ளவரின் தலையும் தோளும்தான் தெரிகின்றன. அதே சுவர் மேலே இருப்பவருக்கு முக்கால் மறைவு. கீழே இருப்பவருக்குப் பாதிகூட இல்லை. அதோடு செடிக்குள் குந்தி உட்கார்ந்தால் ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், ஆனால் இலை அம்பைத் தடுக்காது. தெரியாமல் இருப்பது வேறு, தடுக்கப்பட்டிருப்பது வேறு. காட்டெருமை தேயிலைக்குள் படுத்திருந்தால் பக்கத்தில் போகும்வரை தெரியாது என்பதை இந்த மலையில் பறிக்கப் போகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு இலை போதும், சுவர் தேவையில்லை.

மூடுபனி இறங்கினால் 2014 விதி ஓரிடத்தில் இடறுகிறது. பார்க்க முடியாத இலக்கை எய்கிறவருக்குப் பாதகம்: இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். தன்னைப் பார்க்க முடியாதவரை எய்கிறவருக்குச் சாதகம்: இரண்டில் கூடியதை எடுக்கலாம். அடர்ந்த பனியில் இரண்டு பேரும் குருடு. சாதகமும் பாதகமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, வெயிலில் எய்த அதே 60 சதவீதம் திரும்ப வந்துவிடுகிறது. விதியின் கணக்கில் இது சரி. இத்தலாரில் பனிக்குள் நின்று பத்தடி தள்ளி இருக்கும் சுவரைத் தேடியவர் யாரும் இதை ஏற்கமாட்டார். இங்கே டிஎம் ஃபெர்டி டு வெர்னுவாவின் பக்கம் சாய்ந்து புத்தகத்தை மூடிவைக்க வேண்டும். நான் ஆட்டம் நடத்தினால் இப்படிச் சொல்வேன்: பனியில் எய்கிறவர் முதலில் எந்தக் கட்டம் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும், ஊகம் சரியானாலும் பாதகம் மட்டும் நிற்கும், சாதகம் கிடையாது, ஓடாமல் நடந்தால் காலடி கேட்காது, ஓடினால் எந்தத் திசை என்று எல்லாருக்கும் தெரியும். இதைச் சண்டை தொடங்குமுன், பனி இறங்குகிறது என்று சொல்லும் அதே மூச்சில் மேசைக்கு அறிவித்துவிட வேண்டும். பகடை உருண்ட பிறகு சொன்னால் அடி வாங்கியவருக்கு அது அநியாயமாகத்தான் படும்.